மல்லிக்கு நான் வைத்த ஏகாதசி

எங்கள் செல்ல வரதுவுக்கு,

அத்திம்பேர் எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு எதற்குக் கடிதம், பஸ் ஏறினால் ஆயிற்று என்று இருந்துவிட்டேன். இப்போது பஸ் போகாத இடத்தில் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் உன் கினி பிக்குகள் விஷயத்தில் நானும் உன் அக்காவும் செய்யாத தப்பு இல்லை. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் கண்ணில் படும்படியே எழுதுகிறேன். இந்தப் பிராணியை வளர்க்கிறவர்கள் யாராவது படித்தால், நான் பட்ட அவஸ்தையை அவர்கள் படாமல் இருக்கட்டும்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, துவாக்குடி வீட்டைக் காலி செய்ய நானும் உன் அக்கா கோமளாவும் வந்தோம். தனிக்கட்டை வீட்டில் என்ன பெரிய சாமான் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். சமையலறை மூலையில் அந்தப் பெரிய கூண்டு. அதுவரை கீரைத்தண்டு போட்டுக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுக்கார அம்மா என்னிடம், "இதுங்கள நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார். கேட் சத்தம் கேட்டாலே ரெண்டும் கத்துதுங்க, அவருதான் வராருன்னு நினைச்சுக்கிட்டு. எனக்குத் தாங்கலை" என்றார்.

உனக்கு இவற்றைக் கொடுத்துவிட்டுப் போன காலேஜ் பெண்ணைப் போல இன்னொரு பெண்ணைப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். கோமளா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என் தம்பிக்குத்தான் சாதம் போடலை. இதுகளுக்காவது போடறேன்" என்றாள். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டேன்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உன் பதிமூன்றாம் நாள் சுபத்துக்கு வந்த ஓர் உறவுக்காரர், இலையில் திருக்கண்ணமுதுப் பாயசத்தை வழித்துக்கொண்டே, "பாவம், கடைசி வரைக்கும் மெஸ் சாப்பாடு. உடம்பு எத்தனை நாள் தாங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சொன்னது வேறு. உங்கள் அப்பாவுக்கு வந்த அதே இதய நோய், ஏறக்குறைய அதே வயதில். கோமளா காதில் டாக்டர் சொன்னது ஏறவில்லை, இலையில் உட்கார்ந்தவர் சொன்னதுதான் ஏறியது. கூப்பிடு தூரத்தில் அக்கா இருந்தும் தம்பி பசியோடு செத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாடு பாதி இலையோடு நின்றுபோனது.

சாமான் ஏற்ற வந்த குட்டியானை வண்டியில் டிரைவர் பக்கத்தில் நான், என் மடியில் கூண்டு. "இது எலியா சார், முயலா?" என்று அவர் பால்பண்ணை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? பழுப்பு நிறக் கிழவனுக்குத் திவான் என்றும், வெள்ளையாக இருந்தவளுக்கு மல்லி என்றும் நீ பெயர் வைத்திருந்தது மட்டும்தான் தெரியும்.

முதல் நாளே கோமளா வெள்ளி வட்டிலில் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டன. பிறகு வாழைப்பழம், கேரட், முட்டைக்கோஸ். அது இறங்கியது. நான் என் பங்குக்கு மாட்டுக்காரரிடம் வைக்கோல் வாங்கிப் போட்டேன். அதோடு நின்றோமா? கூண்டுக்கு நடுவில் நீ வைத்திருந்த வலைத் தடுப்பைப் பார்த்துவிட்டு உன் அக்கா, "கட்டை பிரம்மச்சாரி புத்தியைக் காட்டிட்டான் பாருங்கோ! ஆம்படையான் பொண்டாட்டியை இப்படியா பிரிச்சு வெப்பா?" என்று அதைக் கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டாள். நீ ஏன் வைத்திருந்தாய் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சில மாதங்களில் திவான் இளைத்துப்போய், பின்னங்காலை இழுக்க ஆரம்பித்தான். தில்லை நகர்ப் பக்கம் இந்த மாதிரிச் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்று தெரிந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனோம். அவர் திவான் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க சாப்பிடக் குடுக்கறீங்க?" என்றார். கோமளா பெருமையாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"மனுஷங்க மாதிரிதாங்க இதுவும். வைட்டமின் சி உடம்புல தானா ஊறாது. தெனமும் சாப்பாட்டுலதான் போகணும். அது இல்லாமத்தான் இவருக்கு மூட்டு புடிச்சிருக்கு. நெல்லிக்காய், கொடமிளகாய், கொத்தமல்லி, இதுல கொஞ்சம் கொஞ்சம் குடுங்க. ஆனா முக்காவாசி சாப்பாடு புல்லுதான். வைக்கோல் இல்லைங்க சார், காஞ்ச புல்லு. பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், நாள் முழுக்க மென்னாத்தான் தேயும்."

பிறகு மல்லியின் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "இவங்க மாசமா இருக்காங்க. தெரியுமா?" என்றார்.

நீ ஏன் வலை கட்டியிருந்தாய் என்று எங்களுக்கு அப்போது தெரிந்தது. கிழவன் திவானை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

மாசமாக இருப்பவளுக்கும் கிழவனுக்கும் ஒரே சாப்பாடு கூடாது என்று டாக்டர் பிரித்துச் சொன்னார். மல்லிக்குப் புல்லோடு குதிரைமசால் என்ற தீவனத் தழையும் சேர்க்க வேண்டும், வயிற்றில் இருக்கும் குட்டிகளுக்கு எலும்பு பிடிக்க. அதே குதிரைமசாலைத் திவானுக்கு நிறையப் போட்டால் மூத்திரப்பையில் கல் வந்துவிடும். மல்லிக்கு நெல்லிக்காயும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மலைக்கோட்டை அடிவாரத்தில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல்லைக் கட்டுக் கட்டாக வாங்கி, அலசி மாடியில் உலர்த்தினேன். துறையூரில் மாடு வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் குதிரைமசாலைப் பஸ்ஸில் போட்டுவிட்டார். பூக்காரர் என்னிடம், "வீட்டுல பெரிய யாகம் ஏதும் நடக்குதுங்களா சாமி?" என்று கேட்டார்.

உன் அக்காவுக்கு இது போதவில்லை. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணாக மல்லியை எடுத்துக்கொண்டாள். நான் புல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனதும் இவள் வேர்க்கடலை கொடுப்பாள், தேங்காய்ச் சில்லு கொடுப்பாள், வெல்லம் தடவிய வாழைப்பழம் கொடுப்பாள். "மசக்கைக்காரி, ஆசைப்பட்டதைத் தர வேண்டாமா?" என்பாள். மல்லி ஆசைப்பட்டதை இவளிடம் எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அதைச் சொல்லும்போது கோமளா சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதைப் பார்க்க எனக்கும் வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குட்டி எடை இல்லம்மா, கொழுப்பு. இப்படியே போனா பிரசவத்துக்குத் தாங்காது. பழம், கடலை, தேங்காய் எல்லாத்தையும் நிறுத்துங்க, எடையைக் கொஞ்சம் புடிச்சு வைக்கணும்" என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததால் நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்ன மீதியை நான் கேட்டிருக்க வேண்டும்.

வரதா, நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? பதினைந்து நாளைக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் உடம்பு தானே சரியாகிவிடும் என்று நினைத்து வளர்ந்தவன் நான். மறுவாரம் ஏகாதசி வந்தது. கோமளா வழக்கம்போல முழு உபவாசம். துளசி தீர்த்தத்தோடு சரி, அன்று சமையலுக்கான தளிகை உள் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள்; கூண்டும் அந்தப் பக்கம்தான். காலையில் அவள் கோயிலுக்குப் போனதும் நான் கூண்டைத் திறந்து, மல்லி பக்கத்தில் இருந்த புல், குதிரைமசால், கொத்தமல்லி அத்தனையையும் எடுத்து வெளியில் வைத்தேன். ஒரு கிண்ணம் தண்ணீர் மட்டும் வைத்து, அதில் நாலு துளசி இலையும் போட்டேன். திவான் ஏற்கெனவே இளைத்தவன் என்று அவனுக்கு மட்டும் விலக்கு. மல்லியை நீ அதிகம் போட்டுக் கெடுத்தாய், நான் சரிசெய்கிறேன் பார் என்று கோமளாவிடம் சொல்வதுபோல மனசுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு.

மாலையிலேயே மல்லி மூலையில் ஒடுங்கி, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தாள். உபவாசக் களைப்பு என்று நினைத்தேன்.

துவாதசி காலை. விரதம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் தயாராக இருந்தன. இலையில் உட்காரும் முன் கோமளா ஒரு பிடி கொத்தமல்லியோடு கூண்டுக்குப் போனாள். கொத்தமல்லியைக் கண்டால் விசில் அடிக்கிறவள் மல்லி. அன்று மூக்கருகில் நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"ஏன்னா, நேத்து இவ என்ன சாப்ட்டா?"

நான் சொன்னேன். சொல்லாமல் முடியவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒருத்தனைப் பட்டினி போட்டுக் கொன்னது போறாதா நமக்கு?" என்று மட்டும் கேட்டாள். மல்லி போய்விட்டால் கோமளாவை நான் எப்படித் தேற்றப்போகிறேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போது அவள் மல்லியைப் புடவைத் தலைப்பில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வேளைகூட இதுக்குப் பட்டினி கூடாதுங்க சார்! குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா எல்லாம் நின்னுடும். அதுலயும் குண்டா, மாசமா இருக்கறப்போ பட்டினி போட்டா கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துலயே விஷமாயிடும். அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே, நொறுக்குத் தீனிதான் நிறுத்தணும், புல்லை எடுக்கவே கூடாதுன்னு." ஊசி போட்டார், மருந்து ஏற்றினார். "தீவனத்தை ஊற வெச்சு அரைச்சு, சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க. நாளைக்குத் தானா சாப்பிட்டா பொழைச்சா. இல்லேன்னா சொல்ல முடியாதுங்க" என்றார்.

அகத்திக்கீரையும் பச்சடியும் ஆறிப்போய்க் கிடந்தன. கோமளா அதைத் தொடவில்லை. மீதியிருந்த நெல்லிக்காயை இடித்துப் பிழிந்து, ஊறிய குருணைத் தீவனத்தோடு கலந்து, மடியில் மல்லியை வைத்துக்கொண்டு ஊட்ட ஆரம்பித்தாள். வாயோரமாகச் சிரிஞ்சை வைத்து, ஒரு சொட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து இன்னொரு சொட்டு. பாதி அவள் புடவையில் வழிந்தது.

"நீ பாரணை பண்ணிட்டு வா. நான் ஊட்டறேன்."

"இவ சாப்பிடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

என் வற்புறுத்தலில் ஒரு வாய்க் கீரையைப் போட்டுக்கொண்டாள், விரதம் கெடக் கூடாது என்பதற்காக. அன்று முழுக்க மாற்றி மாற்றி ஊட்டினோம். நான் பெருமாளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கிறவன் இல்லை. அன்று கேட்டேன், வெட்கமில்லாமல், ஓர் எலி உருவத்துக்காக.

மறுநாள் மத்தியானம் கோமளா சும்மா ஓர் அருகம்புல்லை நீட்டினாள். மல்லி முகர்ந்தாள். புல்லின் நுனியைப் பற்றிக் கறுக் கறுக்கென்று இழுத்துக்கொண்டே போனாள், கோமளாவின் விரல் வரைக்கும். "இன்னொண்ணு எடுங்கோ, இன்னொண்ணு எடுங்கோ!" என்று உன் அக்கா என்னை விரட்டிய விரட்டில் நான் மாடிப்படியில் இடறி விழப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் அழுதது மட்டும்தான்.

பத்து நாள் கழித்து, ஒரு காலைப் பொழுதில் மூன்று குட்டிகள். எல்லாம் நல்லபடியாக ஆயிற்று. டாக்டர் இருவருக்கும் சாப்பாட்டைப் பிரித்துச் சொன்ன அன்றே உன் வலைத் தடுப்பை மாடியிலிருந்து இறக்கி நானே மாட்டியிருந்தேன். பிரசவம் ஆன அன்றே மறுபடி சினை பிடிக்கும் ஜாதியாம் இது. திவான் வலையருகில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது குட்டிகளுக்கு ஆறு வாரம். ஆண் குட்டியை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துத் திவானோடு விட்டாயிற்று. குட்டிகளுக்கு வளரும் வயசு, குதிரைமசால் உண்டு. ஆறு மாதம் ஆனதும் படிப்படியாக நிறுத்திப் பெரியவர்கள் மாதிரி புல்லுக்கு வர வேண்டும். மல்லி பால் கொடுக்கும்வரை குதிரைமசால் தின்றாள், இப்போது அவளுக்கும் குறைத்துவிட்டோம். திவானுக்குப் பல் சரியில்லை. அதனால் கேரட்டைப் பொடியாகத் துருவி, குருணையை ஊறவைத்துத் தருகிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சமையலறைத் தராசில் ஐந்து பேரையும் எடை பார்ப்பது என் வேலை. கால் இழுப்பது நின்றுவிட்டது, கிழவன் கொஞ்சம் திமிராகவே நடக்கிறான்.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது குட்டிகள் பிறந்த மறுநாள் நடந்தது. மூன்றில் சிறிய குட்டி, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, தாய் தூங்கும்போது தானாக எழுந்து வந்து, தன்னைவிட நீளமான ஒரு புல்லை மென்றுகொண்டிருந்தது. கோமளா தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்து ஒரு நாள் ஆகலை. இதுக்கு யார் ஊட்டினா?"

"பல்லோடதான் பொறக்கறதாம். பாலும் குடிக்கும், தானாவும் சாப்பிடும்னு டாக்டர் சொன்னாளே."

அவள் குட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "வரதுவும் இப்படித் தானே சாப்ட்டுண்டிருந்திருப்பானோ? இல்லே, எத்தனை நாள் பசியோட படுத்துண்டானோ?" என்றாள்.

வரதா, நமக்குள் இருந்த ஒப்பந்தத்தை அன்று நான் உடைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

"கோமளா, அவன் பசியோட படுக்கலை. நன்னா சாப்ட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல உக்காந்து நானும் சாப்ட்டேன். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, அந்த மெஸ்ஸுல. சின்ன வெங்காய சாம்பார்."

நம் வீட்டு வாசப்படியை வெங்காயம் தாண்டியதில்லை. 'அங்க காபி மட்டும்தான் குடிச்சேன்' என்று பத்து வருஷமாக நான் பொய் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிரளயம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ரெண்டாந்தரம் சாதம் கேட்டு வாங்கிப்பானா?" என்று கேட்டாள்.

"மூணாந்தரமும் கேப்பான். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு. என் இலைலேர்ந்து அப்பளத்தையும் எடுத்துப்பான். பரிமாறற அம்மா, 'வரதன் சார், இன்னும் கொஞ்சம்'னு போட்டுண்டே இருப்பா. போறும் போறும்னு இலையை மறைச்சுண்டு சிரிப்பான்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "வெங்காயத்துக்குப் பயந்துண்டு என்னை இத்தனை மாசம் அழ விட்டேளே! இதை அன்னிக்கே சொல்லப்படாதா?"

சொல்லியிருக்க வேண்டும். மல்லிக்குச் செய்ததைவிட அதுதான் பெரிய தப்பு. ஒரு வாய் சாம்பாருக்காக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அவளை ஒவ்வொரு கவளத்துக்கும் உன்னை நினைத்துக் குமைய விட்டேன். அன்று மத்தியானம் அவள் எனக்கு எதிரில் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீ எதை முதலில் பிசைவாய், ரசத்தை எப்படிக் குடிப்பாய், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ரசத்துக்கு இரண்டாந்தரம் சாதம் போட்டுக்கொண்டாள். அவளே போட்டுக்கொண்டாள், வரதா. நான் பார்த்தேன்.

வருகிற சனிக்கிழமை அவளைத் துவாக்குடி பஸ்ஸில் கூட்டி வருகிறேன், இது சத்தியம். "நான் ஒண்ணும் சாப்பிட மாட்டேன். அந்தம்மாவை ஒரு தரம் சேவிச்சுட்டு வரணும், அவ்வளவுதான்" என்கிறாள். ஜன்னலோரம் நீ உட்காரும் இடத்தில் அவளை உட்கார வைப்பேன். அந்த அம்மாள் வழக்கம்போல இலை போட்டுவிட்டால், அவள் இலையை நான் பார்க்க மாட்டேன்.

என்றும் உன் பக்கத்து இலைக்காரன்,
உன் அத்திம்பேர்